மூட்டைத் தேர்ந்தெடுத்தது மருத்துவரா, நிறுவனமா?

முட்டி தேய்ந்து நடக்க முடியாமல் போன ஒருவர் மருத்துவரிடம் போகிறார். படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், மூட்டை மாற்ற வேண்டும் என்கிறார். நோயாளி கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். வலி போய்விடுமா? எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும்? எவ்வளவு செலவாகும்? உடம்புக்குள் வைக்கப்போகும் உலோக மூட்டு எந்த நிறுவனத்தின் தயாரிப்பு, அதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. ஒரு சலவை இயந்திரம் வாங்குவதற்குக்கூட நான்கு கடை ஏறி இறங்கி விசாரிக்கும் மக்கள், பதினைந்து இருபது ஆண்டுகள் தங்கள் உடம்பில் இருக்கப்போகும் ஒரு பொருளைப் பற்றி எதுவுமே கேட்பதில்லை. காரணம், மருத்துவர் மீது உள்ள நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை அசைத்துப் பார்த்த நாள் 2007 செப்டம்பர் 27. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் மத்திய அரசு வழக்கறிஞராக இருந்த கிறிஸ் கிறிஸ்டி அன்று ஓர் அறிவிப்பை வெளியிட்டார். சிம்மர், டிப்பியூ, பயோமெட், ஸ்மித் அண்ட் நெஃப்யூ, ஸ்டிரைக்கர் ஆகிய ஐந்து நிறுவனங்கள் தங்கள் மூட்டுகளைப் பயன்படுத்துவதற்காக எலும்பு அறுவை மருத்துவர்களுக்குப் பணமும் சலுகைகளும் கொடுத்தன என்பதே குற்றச்சாட்டு. அமெரிக்காவில் விற்பனையான இடுப்பு, முட்டி மூட்டுகளில் சுமார் 95 விழுக்காடு இந்த ஐந்து நிறுவனங்களுடையவை. அப்படியானால் இது ஏதோ ஒரு மூலையில் நடந்த தவறு அல்ல. ஒரு தொழில்துறை முழுவதுமே இப்படித்தான் இயங்கி வந்திருக்கிறது.

ஆனால் இந்தக் கதை கையூட்டில் தொடங்கவில்லை. நல்ல எண்ணத்தில்தான் தொடங்கியது.

கராஜில் பிறந்த நட்பு

1949ஆம் ஆண்டு. மினியாபொலிஸ் நகரில் ஏர்ல் பேக்கன் என்ற இளைஞர் தம் மைத்துனரோடு சேர்ந்து, வீட்டுக் கராஜில் மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் ஒரு சிறு தொழிலைத் தொடங்கினார். அதுதான் பிற்காலத்தில் உலகின் மிகப் பெரிய மருத்துவக் கருவி நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்த மெட்ரோனிக். அந்நாளில் இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி, சுவரில் உள்ள மின் இணைப்பை நம்பியிருந்தது. 1957இல் நகரில் பெரிய மின்தடை ஏற்பட்டபோது அதன் ஆபத்து எல்லாருக்கும் புரிந்தது. குழந்தைகளுக்கு இதய அறுவை செய்துவந்த டாக்டர் வால்டன் லில்லிஹெய், இதற்கு ஒரு வழி கண்டுபிடிக்க முடியுமா என்று பேக்கனைக் கேட்டார். சில வாரங்களில் மின்கலத்தில் இயங்கும், கையடக்கமான ஒரு கருவி தயாரானது. மருத்துவர் தேவையைச் சொன்னார், பொறியாளர் செய்து கொடுத்தார், உயிர்கள் பிழைத்தன.

இங்கிலாந்திலும் இதே போன்ற ஒரு வரலாறு உண்டு. ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் சார்ன்லி, இன்று உலகம் முழுவதும் செய்யப்படும் இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கு வழிகாட்டியவர். முதலில் அவர் டெஃப்ளான் என்ற பொருளைப் பயன்படுத்தினார். அது உடம்புக்குள் தேய்ந்து, நோயாளிகள் அவதிப்பட்டார்கள். அவர்களுக்கு மறு அறுவை செய்யும் பொறுப்பைச் சார்ன்லி தாமே ஏற்றுக்கொண்டார். புதிய பொருளை மற்றவர்களுக்கு வைப்பதற்கு முன், தம் தொடையிலேயே அதன் துண்டுகளைப் பதித்துச் சோதித்துப் பார்த்தார். 1962இல் அவர் செய்த புதிய மூட்டு வெற்றி பெற்றது. அதன் பிறகும், தம்மிடம் வந்து பயிற்சி பெற்ற மருத்துவர்களுக்கு மட்டுமே அந்த மூட்டை விற்க வேண்டும் என்று தயாரிப்பாளரிடம் தொடக்கத்தில் நிபந்தனை விதித்திருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்த இரண்டு வரலாறுகளும் ஓர் உண்மையைச் சொல்கின்றன. மருத்துவர் இல்லாமல் நல்ல கருவி இல்லை. மாத்திரையை ஆய்வுக்கூடத்தில் தயாரிக்கலாம். ஆனால் அறுவை அரங்கில் எது வழுக்குகிறது, எது பிடிக்கவில்லை, எந்தக் கோணத்தில் எலும்பு உடைகிறது என்பதை அறுவை செய்பவரால்தான் சொல்ல முடியும். அப்படி உழைப்பவருக்குக் கட்டணம் கொடுப்பதும், புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு ராயல்டி கொடுப்பதும் நியாயமானவையே. அந்த நியாயமான வாசல் வழியாகத்தான் பிற்காலத்தில் வேறு பணமும் உள்ளே வந்தது.

அரசாங்கப் பணம் வந்த பிறகு

1965இல் அமெரிக்க அரசாங்கம் முதியோருக்கான மெடிகேர் மருத்துவக் காப்புறுதித் திட்டத்தைக் கொண்டுவந்தது. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களின் சிகிச்சைச் செலவை அரசாங்கம் ஏற்றது. மூட்டுத் தேய்மானமும் இதயத் துடிப்புக் கோளாறும் பெரும்பாலும் முதியோரைத் தாக்குபவை. கருவி நிறுவனங்களுக்கு இதனால் பெரிய சந்தை திறந்தது. பொருளைத் தேர்ந்தெடுப்பவர் மருத்துவர், வாங்குவது மருத்துவமனை, பணம் கட்டுவது அரசாங்கம், உடம்பில் சுமப்பவர் நோயாளி. நான்கு பேரும் நான்கு இடத்தில் இருந்தார்கள். விற்பனையாளருக்கு மனம் கவர வேண்டியவர் ஒருவர்தான்: மருத்துவர்.

இந்த ஆபத்தை உணர்ந்து 1972இல் கையூட்டுத் தடைச் சட்டம் நிறைவேறியது. அரசாங்கம் பணம் கட்டும் சிகிச்சைக்கு நோயாளியை அனுப்பவோ பொருளை வாங்கவோ பணம் கொடுப்பதும் பெறுவதும் குற்றம் என்றது அச்சட்டம். 1977இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. ஆனாலும் 1982இல் அமெரிக்க செனட் சபையின் முதியோர் நலக் குழு, பேஸ்மேக்கர் எனப்படும் இதயத் துடிப்புக் கருவி விற்பனையில் நடக்கும் மோசடிகளைப் பற்றித் தனி விசாரணையே நடத்த வேண்டியிருந்தது. மருத்துவர்களுக்குக் கையூட்டு, தேவையில்லாதவர்களுக்கும் கருவி பொருத்துதல் ஆகியவை அங்கே பேசப்பட்டன.

1985இல் ஒரு முக்கியமான தீர்ப்பு வந்தது. பிலடெல்பியாவில் கிரீபர் என்ற மருத்துவர், நோயாளியின் இதயத் துடிப்பை 24 மணி நேரம் பதிவுசெய்யும் கருவியை வழங்கும் நிறுவனம் ஒன்றை நடத்தினார். அந்தக் கருவிக்கு நோயாளிகளை அனுப்பிய மருத்துவர்களுக்கு, 'அறிக்கையைப் படித்துச் சொன்னதற்கான கட்டணம்' என்ற பெயரில் பணம் போனது. "அவர்கள் வேலை செய்தார்கள், கூலி கொடுத்தோம்" என்பது வாதம். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பணம் கொடுத்ததன் நோக்கங்களில் ஒன்று நோயாளியை அனுப்பத் தூண்டுவதாக இருந்தால் போதும், அது குற்றமே என்று தீர்ப்பளித்தது. வேலை உண்மையாகவே நடந்திருந்தாலும் கூலிக்குள் கையூட்டு ஒளிந்திருக்க முடியும் என்பதை நீதிமன்றம் அன்றே சொல்லிவிட்டது.

ஆலோசகர் என்ற பட்டம்

சட்டம் வந்தது, தீர்ப்பும் வந்தது. பிறகு எப்படி 2007 வரை இது நடந்தது? உறையில் பணம் வைத்துக் கொடுக்கும் பழங்காலத்து முறையை யாரும் பின்பற்றவில்லை. எல்லாம் ஒப்பந்தப்படி நடந்தது. மருத்துவர் ஒருவரை நிறுவனம் 'ஆலோசகர்' என்று நியமிக்கும். ஆண்டுக்குப் பல்லாயிரம் வெள்ளி, சிலருக்குப் பல லட்சம் வெள்ளி. அதோடு பயணங்களும் பிற சலுகைகளும். தாளில் பார்த்தால் எல்லாம் முறையாக இருக்கும். ஆனால் பலர் அதற்கு ஈடாகச் செய்த வேலை மிகச் சொற்பம் என்றும், அந்த நிறுவனத்தின் மூட்டையே பயன்படுத்த வைப்பதுதான் உண்மையான நோக்கம் என்றும் அரசுத் தரப்பு கூறியது.

தொகையின் அளவு மலைக்க வைப்பது. 2002 முதல் 2006 வரை நான்கு மூட்டு நிறுவனங்கள் சுமார் 6,500 ஆலோசனை ஒப்பந்தங்களின் பேரில் மருத்துவர்களுக்கு 800 மில்லியன் அமெரிக்க வெள்ளிக்கு மேல் கொடுத்தன என்று 2008 பிப்ரவரியில் செனட் விசாரணை ஒன்றில் அரசாங்க அதிகாரி சாட்சியம் அளித்தார்.

2007 உடன்பாட்டின்படி நான்கு நிறுவனங்கள் மொத்தம் 311 மில்லியன் அமெரிக்க வெள்ளி செலுத்தின. அதில் சிம்மரின் பங்கு மட்டும் 169.5 மில்லியன், டிப்பியூவின் பங்கு 84.7 மில்லியன். விசாரணைக்கு முதலில் ஒத்துழைத்த ஸ்டிரைக்கர் பணம் செலுத்தவில்லை. குற்றத்தை நிறுவனங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. 18 மாதங்களுக்கு மத்திய அரசு நியமித்த கண்காணிப்பாளரின் கீழ் இயங்க வேண்டும் என்பது நிபந்தனை. இன்னொரு நிபந்தனைதான் வரலாற்றை மாற்றியது. எந்த மருத்துவருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதை நிறுவனங்கள் தங்கள் இணையத்தளத்தில் பெயரோடு வெளியிட வேண்டும்.

அந்தப் பட்டியல்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு, 2007ஆம் ஆண்டில் மட்டும் 939 எலும்பு அறுவை மருத்துவர்களுக்கு 198 மில்லியன் வெள்ளிக்கு மேல் போயிருந்ததைக் காட்டியது. மறு ஆண்டில் பணம் பெற்ற மருத்துவர்களின் எண்ணிக்கை 526 ஆகக் குறைந்தது. அதாவது, பெயர் வெளியே வரும் என்று தெரிந்ததும் ஏறக்குறைய பாதிப் பேர் பட்டியலில் இல்லை. உண்மையிலேயே அவர்களின் ஆலோசனை நிறுவனத்திற்குத் தேவைப்பட்டிருந்தால், ஒரே ஆண்டில் அது எப்படித் தேவையற்றதாகிப் போனது?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சிம்மரைக் கண்காணிக்க நியமிக்கப்பட்டவர் முன்னாள் தலைமைச் சட்ட அமைச்சர் ஜான் ஆஷ்கிராஃப்ட். அவருடைய நிறுவனத்திற்கு 28 மில்லியன் முதல் 52 மில்லியன் வெள்ளி வரை கட்டணம் கிடைக்கும் என்ற செய்தி வெளியானதும் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. கண்காணிப்பாளர்களை நியமிப்பதற்கு 2008 மார்ச்சில் நீதித்துறை புதிய விதிமுறைகளை வெளியிட்டது.

ஆய்வுக் கட்டுரைக்குள்ளும் பணம்

ஒரு மருத்துவர் பணம் வாங்கினால் பாதிப்பு அவருடைய நோயாளிகளோடு நின்றுவிடக்கூடும். ஆய்வுக் கட்டுரை எழுதுபவர் பணம் வாங்கினால், அதை நம்பிப் படிக்கும் நேர்மையான மருத்துவர்களின் நோயாளிகளுக்கும் பாதிப்பு வரும். முதுகெலும்பு அறுவையில் இதுதான் நடந்தது.

மெட்ரோனிக் நிறுவனத்தின் 'இன்ஃபியூஸ்' என்ற எலும்பு வளர்ச்சிப் புரதத்திற்கு 2002இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து முதுகில் ஒட்ட வேண்டிய அவசியம் இனி இல்லை என்று மருத்துவர்கள் மகிழ்ந்தார்கள். நிறுவனத்தின் ஆதரவில் நடந்த 13 ஆய்வுகளில், 780 நோயாளிகளில் இந்தப் பொருளால் ஒருவருக்குக்கூடப் பக்கவிளைவு இல்லை என்று எழுதப்பட்டிருந்தது. ஆனால் 2008இல், கழுத்துப் பகுதியில் இதைப் பயன்படுத்தியவர்களுக்கு ஆபத்தான வீக்கம் ஏற்படுவதாக அந்நிர்வாகமே எச்சரித்தது. 2011 ஜூனில் முதுகெலும்பு மருத்துவர்களின் சஞ்சிகை ஒன்று தன் துறையையே விமர்சித்து ஒரு சிறப்பிதழை வெளியிட்டது. பக்கவிளைவுகள் முதலில் சொல்லப்பட்டதைவிட 10 முதல் 50 மடங்கு அதிகம் என்றது அந்த இதழ்.

2012 அக்டோபரில் செனட் நிதிக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. 1996 முதல் 2010 வரை, அந்த ஆய்வுகளை எழுதிய மருத்துவர்களுக்கு மெட்ரோனிக் சுமார் 210 மில்லியன் வெள்ளி கொடுத்திருந்தது. கட்டுரைகளை நிறுவன ஊழியர்களே திருத்தியதும், அது வாசகருக்குச் சொல்லப்படாததும் அறிக்கையில் இடம்பெற்றன. தவறாக எதுவும் செய்யவில்லை என்பது நிறுவனத்தின் பதில். முழுத் தரவுகளையும் யேல் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்து மறு ஆய்வுக்கு அது இடம் கொடுத்தது. 2013இல் வந்த முடிவு, பழைய முறையைவிட இன்ஃபியூஸ் தெளிவாகச் சிறந்தது என்று சொல்ல முடியாது என்பதே.

எல்லை தாண்டிய பழக்கம்

இது அமெரிக்காவின் நோய் மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். கிரீஸ், போலந்து, ருமேனியா ஆகிய நாடுகளில் மருத்துவர்களுக்குக் கையூட்டு கொடுத்தது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளுக்காக, டிப்பியூவின் தாய் நிறுவனமான ஜான்சன் அண்ட் ஜான்சன் 2011 ஏப்ரலில் 70 மில்லியன் வெள்ளி செலுத்தியது. கிரீஸ் விவகாரத்திற்காக ஸ்மித் அண்ட் நெஃப்யூ, 2012 பிப்ரவரியில் 22 மில்லியனுக்கு மேல் கட்டியது. அடுத்த மாதமே பயோமெட், அர்ஜெண்டினா, பிரேசில், சீனா ஆகிய நாடுகளில் நடந்தவற்றுக்காக ஏறக்குறைய அதே அளவு தொகையைக் கட்டியது. 2007இல் அமெரிக்காவில் சிக்கிய ஐந்து பெயர்களில் மூன்று மீண்டும் வந்தன என்பது கவனிக்கத்தக்கது.

வெளிச்சம் போட்ட சட்டம்

மருத்துவர்களுக்குப் போகும் பணத்தைச் செனட்டர்கள் சக் கிராஸ்லி, ஹெர்ப் கோல் இருவரும் கவனித்தார்கள். ஒருவர் குடியரசுக் கட்சி, மற்றவர் ஜனநாயகக் கட்சி. மருந்து நிறுவனங்களும் கருவி நிறுவனங்களும் மருத்துவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு தொகையையும் அரசாங்கத்திடம் தெரிவிக்க வேண்டும் என்ற மசோதாவை 2007இல் கொண்டுவந்தார்கள். சூரிய வெளிச்சச் சட்டம் என்று அழைக்கப்பட்ட அது, 2010 மார்ச்சில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சுகாதாரச் சீர்திருத்தச் சட்டத்தின் ஒரு பகுதியாக நிறைவேறியது. தொடக்கத்தில் 10 வெள்ளி மதிப்புள்ள சாப்பாடுகூடக் கணக்கில் வந்தது.

2014 செப்டம்பர் 30ஆம் தேதி முதல் பட்டியல் வெளியானது. 2013இன் கடைசி ஐந்து மாதங்களுக்கு மட்டும் 44 லட்சம் பதிவுகள், மொத்தம் ஏறக்குறைய 3.5 பில்லியன் வெள்ளி. ஆய்வுக்கான தொகையும் இதில் அடக்கம். எந்த நோயாளியும் தம் மருத்துவரின் பெயரைத் தட்டிப் பார்க்கலாம் என்ற நிலை வந்தது.

இதனால் பணம் நின்றுவிட்டதா? இல்லை. 2013 முதல் 2022 வரை அமெரிக்க மருத்துவர்களுக்கு, ஆய்வுத் தொகை நீங்கலாக, 12 பில்லியன் வெள்ளிக்கு மேல் சென்றிருப்பதாக 2024இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. பட்டியலின் உச்சியில் இருந்தவர்கள் எலும்பு அறுவை மருத்துவர்களே. 2020இல் வெளிவந்த வேறோர் ஆய்வு, இதய அதிர்வுக் கருவி பொருத்தப்பட்ட சுமார் 1 லட்சத்து 46 ஆயிரம் நோயாளிகளை ஆராய்ந்தது. அவற்றைப் பொருத்திய மருத்துவர்களில் 94 விழுக்காட்டினர் கருவி நிறுவனங்களிடமிருந்து ஏதோ ஒரு தொகை பெற்றிருந்தார்கள். எந்த நிறுவனம் அதிகம் கொடுத்ததோ, அதன் கருவி நோயாளிக்குப் பொருத்தப்படும் வாய்ப்பும் அதிகமாக இருந்தது. பணம்தான் காரணம் என்று இந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. பிடித்த கருவியின் நிறுவனத்தோடு மருத்துவர் நெருங்கிப் பழகுவதும் இயல்பே. ஆனால் பட்டியல் ஒன்று இல்லாமல் இருந்திருந்தால், இந்தக் கேள்வியை எழுப்பவே யாராலும் முடிந்திருக்காது.

கோலாலம்பூர் பெயரில் ஒரு கோட்பாடு

இந்த வரலாற்றில் மலேசியத் தலைநகரின் பெயரும் இடம்பெற்றிருப்பது பலருக்குத் தெரியாத செய்தி. ஆசிய பசிபிக் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஏபெக், 2011இல் மருத்துவக் கருவித் துறைக்கென்று ஒரு நன்னெறிக் கோட்பாட்டை வகுத்தது. அதன் பெயரே 'கோலாலம்பூர் கோட்பாடுகள்'. ஆலோசனைக் கட்டணம், ராயல்டி, கருத்தரங்குச் செலவு, அன்பளிப்பு என்று ஒவ்வொன்றிலும் நிறுவனம் மருத்துவரோடு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அது வரையறுத்தது. சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிய பசிபிக் மருத்துவத் தொழில்நுட்பச் சங்கம், 2018 ஜனவரி முதல் மற்றவர்கள் நடத்தும் மாநாடுகளுக்கு மருத்துவர்களை நிறுவனங்கள் நேரடியாகச் செலவு செய்து அனுப்புவதற்குத் தன் உறுப்பினர்களுக்குத் தடை விதித்தது.

இவை வரவேற்கத்தக்க முயற்சிகள். ஆனால் இவை விரும்பி ஏற்றுக்கொள்ளும் கோட்பாடுகளே. யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று பெயரும் தொகையும் போட்டு மக்கள் முன் வைக்கும் கட்டாயம் இவற்றில் இல்லை. 1972 முதல் சட்டம் இருந்த நாட்டிலேயே, பெயர்ப் பட்டியல் வெளியான பிறகுதான் ஏறக்குறைய பாதிப் பேர் ஒதுங்கினார்கள் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

பணம் வாங்கும் மருத்துவர் எல்லாரும் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. சார்ன்லி போன்றவர்கள் இல்லாமல் இன்று கோவில் படிக்கட்டு ஏறும் பாட்டிமார்கள் பலர் படுக்கையில்தான் இருந்திருப்பார்கள். அதே சமயம், மருத்துவரின் மீது உள்ள மரியாதை கேள்வி கேட்பதற்குத் தடையாக இருக்கவும் கூடாது. உடம்புக்குள் வைக்கப்போகும் பொருளின் பெயர் என்ன? எந்த நிறுவனம் செய்தது? எத்தனை ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளது? வேறு தேர்வு உண்டா? அந்த நிறுவனத்தோடு மருத்துவருக்குத் தொடர்பு உண்டா? இந்த ஐந்து கேள்விகளையும் பணிவாகவே கேட்கலாம். கேட்டு வாங்கிய விவரங்களை எழுதி, கருவியின் அட்டையோடு வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். நாளை அந்தக் கருவியைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தால், முதலில் தேவைப்படுவது அந்த அட்டைதான்.